ப்ளூவா, ப்ளூஸா?

வாரத்துக்கு ஒருமுறை, பிரான்சில் இருக்கும் வாடிக்கையாளர் குழுவோடு எங்களுக்குத் தொலைபேசிக் கூட்டம் இருக்கும். அப்படி ஒரு கூட்டத்தின் முடிவில் அவர்களுடைய திட்ட மேலாளர் "ஓன்னா ப்ளூ த தாங்" என்றார். நமக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். "உவீ, தக்கோர்" என்று பதில் சொன்னேன். ஆமாம், சரி என்று பொருள். அவர் சொன்னதோ அதற்கு நேர் எதிர். இனி நேரமே இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து, கோப்புகள் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. அன்று இரவு என்னோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து அந்த வேலையை முடித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த இரவை நான் மறக்கவே இல்லை.

பிரெஞ்சில் 'ப்ளூ' என்ற அந்தச் சொல்லுக்கு 'இன்னும் அதிகம்' என்றும் பொருள் உண்டு, 'இனி இல்லை' என்றும் பொருள் உண்டு. எழுத்தில் குழப்பம் வராது, எதிர்மறை என்றால் முன்னால் ஒரு 'ந' வரும். பேச்சில் அந்த 'ந' பெரும்பாலும் விழுந்துவிடும். இந்த வாக்கியத்தில் விழாவிட்டாலும் பயனில்லை. 'ஓன்' என்பதில் இருக்கும் மூக்கொலி அடுத்து வரும் 'ஆ'வின் மேல் ஏறி எப்படியும் 'ஓன்னா' என்றுதான் ஒலிக்கும். மிஞ்சுவது கடைசி 'ஸ்' மட்டும்தான். அதைச் சேர்த்து 'ப்ளூஸ்' என்றால் அதிகம், விட்டுவிட்டு 'ப்ளூ' என்றால் இல்லை. பேச்சில் அவர்கள் பொதுவாக இப்படித்தான் பிரித்துக் காட்டுகிறார்கள்.

இது காது செய்த பிழை என்று சொல்லிவிடலாம். உண்மை அதுவல்ல. அவர் சொன்னபோதே எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. அவர் குரலில் அவசரம் இருந்தது, நேரம் இருக்கிறது என்று சொல்கிறவர் குரல் அப்படி இருக்காது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெளிவாகியிருக்கும். அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் கேட்க வேண்டுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது நான் பிரெஞ்சு தெரியாதவன் அல்ல. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் உண்டு. அதில் மூன்றாவதான பி1 தேர்வில் தேறியிருந்தேன். மின்னஞ்சல் எழுதுவேன், ஆவணங்களைப் படித்துப் புரிந்துகொள்வேன். பேச்சு என்று வந்தால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். கூட்டத்துக்கு முன்பு சொல்ல வேண்டிய வாக்கியங்களைத் தாளில் எழுதி, வினைச்சொற்களின் விகுதிகளைச் சரிபார்த்து, நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். என் முறை வரும்வரை அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் மற்றவர்கள் பேசியது எதுவும் காதில் விழுந்திருக்காது. நான் வாசித்து முடித்ததும் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். தாளில் அதற்குப் பதில் இருக்காது.

இந்தப் பயத்துக்கு ஆய்வுலகில் பெயரும் வரலாறும் இருக்கின்றன என்று பிறகு தெரிந்துகொண்டேன். எலைன் ஹார்விட்ஸும் அவரோடு இருவரும் சேர்ந்து 1986இல் எழுதிய கட்டுரை ஒன்று, அயல்மொழிப் பதற்றத்தை 33 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலால் அளக்க முயன்றது. பேசுவதற்கான தயக்கம், தேர்வு பயம், அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்ற பயம் ஆகிய மூன்றையும் அது இந்தப் பதற்றத்தோடு சேர்த்துப் பார்த்தது. என்னிடம் இருந்தது மூன்றாவது. என் மொழியில் நான் வேலை தெரிந்தவன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவன். பிரெஞ்சில் வாய் திறந்ததும் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறான் என்று தோன்றும். அந்த மாற்றத்தை மற்றவர்கள் பார்ப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் குழுவின் மூத்த சக ஊழியர் ஒருவரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். பல ஆண்டுகளாகப் பிரெஞ்சிலேயே வேலை செய்பவர். அவர் இலக்கணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "புரியவில்லை என்று அவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒருமுறைகூட இல்லை. முதல் வாரப் பாடத்திலேயே படித்த வாக்கியம் அது. அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய வாசலைத் திறந்தது. "புரியவில்லை என்று மட்டும் சொன்னால் அவர் அதையே திரும்ப, அதே வேகத்தில் சொல்வார். உங்களுக்கு என்ன புரிந்ததோ அதைச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் அவரே திருத்துவார்" என்றார்.

அதற்கான தொடர் 'ஸி ஜே பியாங் கோம்ப்ரி', அதாவது 'நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால்'. அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லியே தீர்வது என்று முடிவு செய்தேன். குரல் நடுங்கியது. அந்தத் தொடரில் தொடங்கி, வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது, சரிதானே என்று ஒருவழியாகக் கேட்டு முடித்தேன். நடுவில் ஆண்பால் போட வேண்டிய இடத்தில் பெண்பால் போட்டேன், சொல்லும்போதே அது எனக்குத் தெரிந்தது. மறுமுனையில் "உவீ, வுவாலா, ஸே ஸா" என்றார். ஆமாம், அதேதான் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்தப் பால் பிழையை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

பயம் அன்றே போய்விடவில்லை. ஆனால் தடுக்கி விழுந்தால் எழுந்துகொள்ள ஒரு பிடி கிடைத்தது. இன்னும் இரண்டு தொடர்களைச் சேர்த்துக்கொண்டேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா என்பது ஒன்று. மறுமுனையில் இருப்பவர் என் தடுமாற்றத்தைப் பார்த்து அன்போடு ஆங்கிலத்துக்கு மாறும்போது, பிரெஞ்சிலேயே தொடரலாமா என்று கேட்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்வது முதலில் கடினமாக இருந்தது. கேட்ட பிறகு மறுத்தவர் யாருமில்லை.

எண்கள்தான் கடைசிவரை பாடாய்ப்படுத்தின. பிரான்சில் பேசும் பிரெஞ்சில் 70க்குத் தனிச்சொல் கிடையாது, அறுபது-பத்து என்பார்கள். 80 என்றால் நான்கு-இருபது. 97 என்றால் நான்கு-இருபது-பத்து-ஏழு, 'காத்ர வேங் தீஸ் ஸெத்'. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கங்களாகச் சொல்வார்கள். 'காத்ர' கேட்டதும் கை 4 எழுதும், 'வேங்' வந்ததும் அதை அடித்துவிட்டு 8 எழுதும், 'தீஸ்' வந்ததும் அது 9 ஆகும். அதற்குள் அவர் அடுத்த ஜோடிக்குப் போயிருப்பார். ஒரு ஜோடி முழுவதும் காதில் விழும்வரை எழுதக் கூடாது என்று கையைப் பழக்க வேண்டியிருந்தது. எழுதியதை நானே ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்வதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் 70ஐ 'செப்தாந்த்' என்றும் 90ஐ 'நோனாந்த்' என்றும் சொல்லக் கேட்டபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி மாளாது.

தமிழ் எனக்குத் துணைக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பிரெஞ்சைக் கேட்கும்போது சொற்கள் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்றே தெரியாது. எல்லாம் ஒரே ஓட்டமாக இருக்கும். ஒருநாள் 'லே', 'ஆமி' என்ற இரண்டும் சேர்ந்து 'லேஸாமி' ஆவதைக் கவனித்தபோது பொறி தட்டியது. இது நம் புணர்ச்சிதானே! அவன் என்பதும் இல்லை என்பதும் சேர்ந்து அவனில்லை ஆகும்போது 'ன்' மேல் 'இ' ஏறி உட்காருகிறது. நாம் அதை யோசிக்காமல் செய்கிறோம், கேட்கும்போது யோசிக்காமல் பிரித்துக்கொள்கிறோம். 'ஆ' என்ற வினைக்கும் 'இல்' என்ற பெயருக்கும் நடுவில் ஒரு 'த்' வந்து 'ஆதீல்' ஆவதைப் பார்த்தபோது உடம்படுமெய் நினைவுக்கு வந்தது. பள்ளியில் மணி+அழகு=மணியழகு என்று படித்த அதே ஏற்பாடு, வேறு எழுத்தோடு. அன்றிலிருந்து பிரெஞ்சு வாக்கியத்தைத் தமிழ்ச் செய்யுளைச் சீர் பிரிப்பதுபோலப் பிரித்துக் கேட்கத் தொடங்கினேன். காது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. காது திறந்த அளவுக்கு வாயும் திறந்தது.

நீ, நீங்கள் வேறுபாட்டையும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. யாரிடம் 'த்யூ', யாரிடம் 'வூ' என்பது பெரும்பாலும் தானாகவே வந்தது. அந்தத் திட்ட மேலாளரே ஒருநாள், இனி 'த்யூ' போட்டே பேசிக்கொள்ளலாமே என்று கேட்டார். எனக்கு ஒரு சான்றிதழ் கிடைத்ததுபோல மகிழ்ச்சியாக இருந்தது.

தப்பானாலும் பரவாயில்லை, பேசு என்று மொழி கற்பவர்களிடம் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. மேசை பெண்பால், அலுவலகம் ஆண்பால் என்பது மாறிப்போனால் எந்த வேலையும் நின்றுவிடாது. ஆனால் 'எவாந்துயெல்மாங்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அதுபோல ஒலிக்கும் சொல்லோடு சேர்த்து 'கடைசியில் எப்படியும்' என்று புரிந்துகொண்டால் வேலை கெடும். பிரெஞ்சில் அதற்கு 'ஒருவேளை, தேவைப்பட்டால்' என்றுதான் பொருள். மேலே என்பதற்கு 'தஸ்யூ', கீழே என்பதற்கு 'தஸூ'. இகரம் சொல்லும் நாக்கோடு உகரத்துக்கு உதட்டைக் குவித்தால்தான் முதல் சொல்லின் உயிரொலி வரும், இல்லாவிட்டால் மேல் கீழாகிவிடும். இப்படிப்பட்ட இடங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தச் சொற்கள் வந்தால் நின்று, கேட்டு உறுதி செய்துகொள்வேன். மற்ற இடங்களில் பிழையோடே தாண்டிப் போய்விடுவேன்.

இப்போதும் கூட்டம் தொடங்கும் முதல் நிமிடத்தில் உள்ளங்கை ஈரமாகும். தாளில் வாக்கியங்கள் எழுதுவதில்லை, சொல்ல வேண்டிய விஷயங்களை மட்டும் நாலு சொற்களில் குறித்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு கூட்டம் முடியும் நேரத்தில் அதே மேலாளர் அவசரமாக அதே வாக்கியத்தைச் சொன்னார். "ஓன்னா ப்ளூ த தாங்." எங்கள் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் "உவீ" என்று தலையாட்டினார். நான் ஒலிவாங்கியைத் திறந்து, "ப்ளூவா, ப்ளூஸா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"ப்ளூ" என்றார் அவர். "ப்ளூ த்யூ தூ." கொஞ்சம்கூட இல்லை.

கோப்புகளை அன்று மாலையே அனுப்பிவிட்டோம்.