பாதியில் காலி செய்துவிட்டுப் போனால் மீதி வாடகை யார் தலையில்?

குத்தகை முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, குடியிருப்பவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் உடனே கேட்பது, மீதி ஏழு மாத வாடகையையும் கேஸ் போட்டு வாங்கிவிடலாமா என்றுதான். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, வாடகையை நம்பி வீட்டுக்கடன் கட்டுபவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பல நாட்டுச் சட்டங்கள் கணக்கை அப்படிப் போடுவதில்லை. அவர் போனதால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம், அதைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டையும் சேர்த்தே கேட்கும்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கை வீடு வாடகைக்கு விடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ல் ஒருவர் கல்யாணம் ஆகப்போகிறது என்று இரண்டு வருடத்துக்கு வீடு பேசுகிறார். கல்யாணம் நின்றுபோகிறது. குடியேறுவதற்கு முன்பே, என்னால் வர முடியாது, கொடுத்த பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுதுகிறார். பதிலே வரவில்லை. நடுவில் அதே வீட்டைக் கேட்டு இன்னொருவர் வந்தபோது, ஏற்கெனவே விட்டாயிற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வீடு ஒரு வருடத்துக்கும் மேல் பூட்டியே கிடந்தது, அதற்கு நடுவிலேயே வீட்டுக்காரர் வாடகை கேட்டு கேஸும் போட்டுவிட்டார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு ஆள் தேட நியாயமான முயற்சி எடுப்பது உரிமையாளரின் கடமை, எடுத்ததை நிரூபிக்க வேண்டியதும் அவர்தான் என்று சொல்லிவிட்டது.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஓர் அலுவலகக் குத்தகை வழக்கில், உரிமையாளர் புது ஆள் தேட வேண்டியதில்லை, வாடகையைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நியூயார்க்கில் குடியிருப்பு வீடுகளுக்கு இந்தக் கடமை 2019-ல்தான் சட்டமாக வந்தது. இந்தியாவில் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73-ம் பிரிவு, இழப்பைக் குறைக்க இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 74-ம் பிரிவு இன்னும் முக்கியம்: முன்கூட்டிப் போனால் இவ்வளவு தர வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே.

அதனால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே விளம்பரத்தைப் போடுங்கள். போட்ட தேதி, வந்து பார்த்தவர்கள், ஒருவரை வேண்டாம் என்றால் ஏன் என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், பின்னால் உங்களுக்குச் சாட்சி அதுதான். சாவியைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். குத்தகை முடிந்ததாக நீங்களே ஒத்துக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும், ஆகவே பாக்கியையும் இழப்பீட்டையும் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு வாங்குங்கள். காலியாகக் கிடந்த மாதங்களின் வாடகை, விளம்பரச் செலவு, புது ஆள் குறைவாகக் கொடுத்தால் அந்த வித்தியாசம், இவையெல்லாம் பொதுவாகக் கேட்கக்கூடியவை. அட்வான்ஸில் கழிப்பதாக இருந்தால் ரசீதோடு கணக்குக் காட்டுங்கள்.

அவர் ஏன் போனார் என்றும் பாருங்கள். வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் இருந்து, சொல்லியும் நீங்கள் சரிசெய்யவில்லை என்றால் கேஸ் உங்கள் பக்கமே திரும்பலாம். நோட்டீஸ் கொடுத்துவிட்டு இடையில் போகலாம் என்று பத்திரத்திலேயே இருந்தால் அவர் எதையும் மீறவே இல்லை. சாமான் உள்ளே கிடக்கும்போது பூட்டை மாற்றுவது, தூக்கி வெளியே போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம், பணம் வர வேண்டியவர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவராக ஆகிவிடுவீர்கள்.

என்னைக் கேட்டால், புது ஆள் வரும் வரைக்கும் வாடகையைக் கொடுங்கள் அல்லது இத்தனை மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நேரில் பேசி, இருவரும் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்வதைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன். போனவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து, கொடுக்க அவரிடம் பணமும் இருந்தால்தான் கேஸுக்குச் செலவு செய்வதில் அர்த்தம்.