"எல்லாம் எரிஞ்சு போச்சு" என்பார்கள், நம்பாதீர்கள்

அயர்லாந்தில் முன்னோரைத் தேடக் கிளம்புகிற எவருக்கும் இந்தப் பதில் ஒருமுறையாவது கிடைக்கும்: "1922-ல் எல்லாம் எரிஞ்சு போச்சு." எனக்கு இதைச் சொன்னது மேயோ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு பங்குக் கோயில் அலுவலகம், அதாவது அந்த வட்டாரத்துக் கத்தோலிக்க தேவாலயத்தின் அலுவலகம். டப்ளினிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல், அப்புறம் டாக்ஸி. வியாழக்கிழமை வாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியதும் அவர்களேதான். ஞானஸ்நானப் பதிவேடு என்று நான் வாயெடுத்ததுமே அங்கிருந்த அம்மையார் தீ விபத்துக் கதையைச் சொல்லி முடித்து, ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அன்று வீணாய்ப் போகாமல் காப்பாற்றியவர் காஸில்பார் நூலகத்தில் இருந்த ஒரு பெரியவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "கத்தோலிக்கப் பதிவேடுகள் டப்ளினுக்குப் போனதே இல்லையே, எப்படி எரியும்?" என்றார்.

எரிந்தது எது என்று தெரிந்துகொண்டு போனால் இப்படி யாரும் நம்மை விரட்ட முடியாது. உள்நாட்டுப் போரில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் ஏறக்குறைய முழுதாகப் போயின. உயில்களும், அயர்லாந்து திருச்சபையின், அதாவது புராட்டஸ்டண்டுகளின், பதிவேடுகளில் பெரும்பகுதியும் அதோடு போயின. 1861 முதல் 1891 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்திருந்தது. அதற்குத் தீயைக் குறை சொல்ல முடியாது. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்தன. 1880 வரையிலானவற்றின் படங்களை தேசிய நூலகம் 2015-லிருந்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ரயில் டிக்கெட்டே வேண்டியதில்லை.

சரி, நான் தேடியது என் மாமியாரின் தாத்தாவை. மாமியார் லிவர்பூல்காரர். கையில் இருந்தது ஜேம்ஸ் வால்ஷ் என்ற பெயரும், மேயோ என்ற கவுண்டியும் மட்டும். மேயோவில் தடுக்கி விழுந்தால் ஒரு வால்ஷ் மேல்தான் விழவேண்டும். 1864-லிருந்து எல்லாருடைய பிறப்பும் அரசுப் பதிவில் உண்டு, நூறாண்டு கடந்தவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் ஜேம்ஸ் வால்ஷ் என்று தட்டினால் பக்கம் பக்கமாக வருகிறது. தாயின் பெயர் தெரியாமல் இதில் இறங்காதீர்கள். இங்கிலாந்தின் அரசுத் திருமணச் சான்றிதழில் 2021 வரை தகப்பன் பெயர்தான் இருந்தது. லிவர்பூலில் ஜேம்ஸ் கல்யாணம் செய்த கோயிலின் லத்தீன் பதிவேட்டில் தாய் பெயரும் இருந்தது: ஹனோரா. அரசுப் பதிவில் அவரே நோரா. தேடுபொறி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள், தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள்.

பிறப்புப் பதிவு கிடைத்தது, 1872. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் கிடைத்தது. அப்புறம் தேசிய நூலகப் படங்களில் மாதம் மாதமாகப் புரட்டினேன். மை மங்கி, பாதிரியாரின் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. ஜேம்ஸ் அங்கே லத்தீனில் யாகோபுஸ். ஆனால் தேதி இடித்தது. ஞானஸ்நானம் நடந்து மூன்று வாரம் கழித்துத்தான் பிள்ளை பிறந்ததாக அரசுப் பதிவு சொல்கிறது! வேறு குழந்தையோ என்று எல்லாவற்றையும் மூடிவைத்துவிடத் தோன்றும். வேண்டாம். பதிவு செய்யத் தாமதமானால் அபராதம், அதற்குப் பயந்து பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வது அங்கே சகஜம். பெற்றோர் பெயரும் ஊரும் பொருந்தினால் கோயில் தேதியையே நம்புங்கள்.

ஊர் என்றால் டவுன்லேண்ட், அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு. நாட்டில் அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு, ஒரே பெயரில் பல. எங்கள் டவுன்லேண்டின் பெயரில் மேயோவிலேயே வேறு இடங்களும் இருந்தன. பிறப்புப் பதிவின் தலைப்பில் உள்ள பதிவு மாவட்டத்தைப் பாருங்கள். அது பழைய ஏழைநலச் சட்ட யூனியனின், அதாவது ஏழைகளுக்கு உதவி வழங்க வகுத்த பகுதியின், எல்லையை ஒட்டியது. எங்களுக்கு ஸ்வின்ஃபோர்ட் என்று இருந்ததால் மற்றவை கழிந்தன.

இனி நோராப் பாட்டி. 1901 கணக்கெடுப்பில் அவருக்கு வயது 55. 1911-ல் 70! பத்து வருஷத்தில் பதினைந்து வயது எப்படிக் கூடும்? முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1908-ல் வந்தது, 1909 ஜனவரியிலிருந்து எழுபது நிரம்பியவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. அந்தத் தலைமுறையில் யாரிடமும் அரசுப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதனால் வயதை நிரூபிக்க, 1841, 1851 கணக்கெடுப்புத் தாள்களில் என் பெயரைத் தேடிப் பாருங்கள் என்று காப்பகத்துக்கு விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பத் தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். திருமணத்துக்குப் பிந்தைய பெயரில் தேடினால் வராது. பிறந்த வீட்டுப் பெயரைப் போடுங்கள்.

போட்டேன், வந்தது. நோராவின் அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த டவுன்லேண்ட். கீழே குமாஸ்தா ஒருவர், பின்னால் எரிந்துபோன அந்த 1851 தாளைப் பார்த்து எழுதிய குறிப்பு: பெற்றோர் கல்யாணம் செய்த வருஷம், பிள்ளைகளின் வயது. நோராவுக்கு 5. ஓய்வூதியம் கேட்டபோது அவருக்கு எழுபது ஆகவில்லை என்பதை அவருடைய விண்ணப்பமே காட்டிக்கொடுத்துவிட்டது. பாட்டி பொய் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு அந்த வரி கிடைத்திருக்காது. மாமியார் ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அம்மாவும் வயது விஷயத்தில் அப்படித்தானாம்.

யாரிடம் எந்த நிலம் இருந்தது என்று எழுதிவைத்த பழைய கிரிஃபித் நில மதிப்பீட்டிலும் நோராவின் அப்பாவைப் பிடித்துவிட்டேன். பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணை அதன் வரைபடத்தில் பார்த்தால் எந்தத் துண்டு நிலம் என்றே தெரிகிறது.

இப்போது மாமியாருக்கு ஆசை கூடிவிட்டது. அவருடைய பாட்டி டைரோன் கவுண்டியாம். அது வட அயர்லாந்து. அங்கே அரசுப் பதிவின் படத்தைத் திறந்து பார்க்கக் காசு கட்டவேண்டும். கட்டுவது அவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசி வைத்துவிட்டேன்.