உப்புக்காற்றில் ஒரு கேம்ஸ் சென்டர்

கேம்ஸ் சென்டரில் வேலை என்றால் நாள் முழுக்க ஓசியில் விளையாடலாம் என்று நினைத்துச் சேருகிறவர்கள் உண்டு. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் அந்த நினைப்பு ஒரு வாரம் தாங்காது. ஜாய்ஸ்டிக்கைவிடத் துணியும் பிரஷ்ஷும்தான் அதிக நேரம் கையில் இருக்கும். கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்கக் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. அங்கே தகடுகளில் பார்ப்பதை இங்கே காயின் பாக்ஸின் ஸ்க்ரூவிலேயே பார்க்கலாம்.

மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் படிந்த உப்பு காய்ந்து கிடக்கும்வரை தொந்தரவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கசிந்தால் கரண்ட் போகக்கூடாத வழியில் போகும். ராத்திரி நன்றாக ஓடிய துப்பாக்கி கேம் மெஷின் காலையில் யாரும் தொடாமலே தானாகச் சுட்டுக்கொண்டிருப்பது இதனால்தான். ஆகவே கடை திறந்த கையோடு மெயினைப் போடக் கூடாது. மெஷினின் பின்கதவைத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஃபேன் காற்று பட விட வேண்டும். ஏ.சி. கடை என்றால் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏ.சி.யை நிறுத்துவது நல்லது. சில்லென்றிருக்கும் போர்டில் வெளிக்காற்று பட்டால் ஐஸ் தண்ணீர்ச் சொம்பு போல வேர்த்துவிடும். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் பிரஷ் போதும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை அங்கே அடித்தால் இரண்டே நாளில் மணல் ஒட்டிப் பசையாகிவிடும்.

ஏர் ஹாக்கிக்கும் மணல்தான் எமன். காற்று மேலே வரும் பலகையின் துளைகள் ஒரு மில்லிமீட்டர் அளவு. தட்டி ஆடுகிற வட்டு (பக்) ஒரே இடத்தில் தயங்கி நின்றால் காற்றூதும் பிளோவர் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், அந்த இடத்துத் துளைகள் அடைத்திருக்கும். பிளோவரை ஓடவிட்டபடியே மெல்லிய கம்பியால் குத்தினால் தூசி மேலே பறந்துவிடும். நிறுத்திவிட்டுக் குத்தினால் உள்ளே விழுந்து மறுபடி ஏறி வரும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பலகை மொத்தமும் சோர்ந்திருந்தால் மட்டும் கீழே காற்று இழுக்கும் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம்.

கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, தலை சொட்டச் சொட்டக் குழந்தைகள் நேராக வந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பார்கள். இந்த ஊருக்கே உரிய ஆபத்து இது. கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாமல் ஒரு மெஷினையும் ஓட்டக் கூடாது. அமாவாசைக் கூட்டத்தில் அது அடிக்கடி விழுகிறதே என்று ஒயரை நேராகக் கொடுத்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை வேலையில் வைத்திருக்கவே கூடாது. எர்த்தை வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்க வேண்டும். மண் ஈரமாகவே இருந்தாலும், எர்த் பைப்பில் உலோகப் பட்டி சேருகிற போல்ட் துருவாகக் கையோடு வந்துவிடும்.

நாணயத்துக்குப் பதில் டோக்கன் வந்ததற்கும் காரணம் உண்டு. காயின் பாக்ஸ் உள்ளே ஒரு மாதிரிக் காசை வைத்துக்கொண்டு, போடுகிற காசை அதோடு ஒப்பிடும். 2011 வரிசையில் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டரிலிருந்து 22-க்குச் சுருங்கிவிட, புதுசும் பழசும் கலந்து வந்தால் பாதியைத் துப்பிவிடும். டோக்கனை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். பிசுக்கோடு போட்டால் பாதி வழியில் நிற்கும், பிள்ளை மெஷினை உதைக்கும்.

பொம்மை தூக்குகிற மெஷின்தான் மனசுக்கு ஒப்பாதது. எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை கிளா (பொம்மையைப் பிடிக்கும் கொக்கி) இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது செட்டிங்கில் இருக்கிறது. சாவி முதலாளியிடம், ஏச்சு கவுண்டரில் நிற்கிறவருக்கு. நம் கையில் இருப்பது பொம்மைகளை அமுக்கி அடுக்காமல் தளர்வாகப் போடுவது ஒன்றுதான். விடாமல் ஓடினால் கிளாவை இறுக்கும் கம்பிச்சுருள் (காயில்) சூடாகிப் பிடி இன்னும் தளரும். அப்போது பத்து நிமிஷம் நிறுத்திவைப்பதே நியாயம்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகளின் பஸ்கள், ஆடி, தை அமாவாசைக்குக் கூட்டம். பள்ளி விடுமுறை ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடையோடு சேர்ந்தே வரும். அந்த நாட்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் டோக்கன் வாங்காமல் மெஷினைச் சுற்றி நின்று மணிக்கணக்காகப் பார்ப்பார்கள். விரட்டச் சொல்கிற கடைகளும் உண்டு. ஆனால் எந்தப் பட்டன் ஒட்டுகிறது, எந்த வளையத்தில் சென்சார் பந்தை எண்ணாமல் விடுகிறது என்று கேட்டால், பொறுப்பாளருக்கு முன்னே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.