கம்மனஹள்ளிக் கார் கடையும் எங்கள் பழைய இணையதளமும்

பெங்களூரு கம்மனஹள்ளியில் பழைய கார்களை வாங்கி விற்கும் சிறிய கடை ஒன்றை நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். பதினைந்து வண்டிகளுக்கு மேல் நிறுத்த இடமில்லை. கடைக்கென்று ஓர் இணையதளம் ஐந்து ஆண்டுகளாக இருந்தாலும், அதைப் பார்த்துவிட்டு வந்து யாரும் வண்டி எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அதை முழுவதுமாக மாற்றித் தர ஒருவர் எண்பதாயிரம் ரூபாய் கேட்டார். எங்களால் ஒதுக்க முடிந்தது இருபதாயிரம்தான். ஆகவே, கல்லூரியில் படிக்கும் அக்கா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இருப்பதையே செப்பனிடுவது என்று முடிவு செய்தோம்.

முதல் அடியிலேயே சிக்கல் வந்தது. கடையின் பெயரைக் கொண்ட டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சல் முகவரியிலும் பதிவாகியிருந்தது. வரி கட்டுவது நாமாகவும் பத்திரம் அடுத்தவர் பெயரிலும் இருந்தால் எப்படியோ, அப்படி இருந்தது எங்கள் நிலை. அவர் தொலைபேசியை எடுக்க ஒரு வாரம். எடுத்த பிறகு, பாக்கி இருப்பதாகச் சொன்ன புதுப்பிப்புக் கட்டணத்தைக் கொடுத்து, டொமைனை மாற்றிக்கொள்வதற்கான குறியீட்டை வாங்க இன்னும் இரண்டு வாரம். அந்த மூன்று வாரங்களும் வேறு எந்த வேலையும் நகரவில்லை. புதிதாகத் தளம் தொடங்குகிறவர்கள் அந்தப் பதிவை மட்டும் தங்கள் பெயரில், தங்கள் மின்னஞ்சலில், தாங்களே செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது வேகம். ஒரு நாள் எதிரிலிருந்த டீக்கடையில் ஒரு வாடிக்கையாளருக்குத் தளத்தைக் காட்ட முயன்றேன். அவர் டீயைக் குடித்து முடிக்கும் வரை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தின் முதன்மையான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அதன் இலவச சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டுப் பார்த்தபோது, எங்கள் முகப்பு பதினெட்டு விநாடி எடுத்தது. காரணம் எளிது: கைபேசியில் எடுத்த படங்களை அப்படியே, ஒவ்வொன்றும் நான்கு எம்.பி. அளவில், தம்பி ஏற்றி வந்திருந்தான். பதினைந்து வண்டிக்குப் பதினைந்து முகப்புப் படங்கள் என்றால் அறுபது எம்.பி. ஆகிவிடுகிறது. அக்கா மகன் ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் ஒவ்வொரு படத்தையும் 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, படக் கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி வடிவத்துக்கு மாற்றினான். நூற்றைம்பது கே.பி.க்குள் அடங்கிய அந்தப் படங்களில், கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான் போயின.

படங்களை மாற்றும்போதே, எதைப் படம் எடுக்கிறோம் என்ற கேள்வியும் எழுந்தது. அதுவரை வண்டியைக் கழுவித் துடைத்து, நான்கு பக்கமும் எடுத்துப் போடுவதோடு சரி. கடைக்கு நேரில் வருகிறவர்கள் எதைக் குனிந்து பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்தேன். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர், கதவோரத் துரு, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் ஆகியவற்றையே அவர்கள் தேடினார்கள். அந்த இலக்கம் 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். இவை எல்லாவற்றையும், பம்பரில் இருக்கும் கீறல் உட்பட, தளத்தில் போட்டோம். "நம்ம வண்டியோட குறையை நாமே காட்டினா யாருண்ணா வருவாங்க?" என்று தம்பி சண்டை பிடித்தான். வருகிறவர்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால் வந்து, கீறலைப் பார்த்து, விலையைப் பாதியாகப் பேசிவிட்டுப் போகிறவர்கள்தாம் குறைந்தார்கள் என்பது என் கணிப்பு. தம்பி இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எழுத்தில் சேர்த்தவற்றுள் அதிகம் பயன்பட்டது, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வரும் தமிழ் வாடிக்கையாளர்களுக்காக நான் தமிழிலேயே எழுதிய ஒரு பக்கம். கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடகப் பதிவெண்ணுள்ள வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நாள்தோறும் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்ததைத்தான் அதில் எழுதினேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் தீர்ந்த வண்டியாக இருந்தால் அந்தக் கடன் குறிப்பை ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிலிருந்து நீக்கப் படிவம் 35. கன்னடப் பக்கத்தை முதலில் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, பக்கத்துத் தையல் கடை அக்கா படித்துச் சிரித்த பிறகு, அவரிடமே கேட்டுத் திருத்தினோம்.

வாட்ஸ்ஆப் பொத்தானில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். "இருக்கா?" என்று மட்டும் செய்தி வரும்; எந்த வண்டி என்று கேட்டுப் பதில் வருவதற்குள் அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். இப்போது பொத்தானை அழுத்தினாலே வண்டியின் பெயரும் எண்ணும் செய்தியில் தாமாக வந்துவிடுகின்றன. கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதும் இலவசம்தான். கடை உண்மையில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, தெருவையும் பெயர்ப் பலகையையும் பூட்டைத் திறந்து உள்ளே போவதையும் ஒரே காணொளியாக எடுத்து அனுப்பச் சொன்னார்கள். முகப்பில் ஓடிக்கொண்டிருந்த படவரிசை, மாதத் தவணைக் கணிப்பான் இரண்டையும் எடுத்துவிட்டோம்.

டொமைன், தளத்தை வைத்திருக்க இடம் தரும் புதிய ஹோஸ்டிங், அக்கா மகனுக்குக் கொடுத்த ஐயாயிரம் எல்லாம் சேர்ந்து பதினான்காயிரத்தில் முடிந்தது. விற்ற வண்டியைத் தளத்திலிருந்து எடுப்பதுதான் இன்னும் பிடிபடாத வேலை. அதற்காகச் சாவி மாட்டும் பலகையில் கொக்கிகளுக்கு எண் எழுதி, தளத்திலும் அதே எண்ணைப் போட்டிருக்கிறோம். இரவு கடையை மூடும்போது காலியான கொக்கியின் வண்டியை நீக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நேற்று முன்தினம் ஏழாம் எண் போய்விட்டது. இன்று காலையிலும் அதைக் கேட்டு மூன்று பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள்.