பில் கவுண்டரில் புரிந்த பர்மிஷன் பாடம்

கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலைக்கான சான்றிதழ் தேர்வான காம்ப்டியா ஏ பிளஸ் இரண்டாம் தாளில் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம், 900-க்கு 700 வந்தால் பாஸ். அந்தத் தாளுக்குப் படிக்கையில் எனக்கு மண்டையில் ஏறாமல் நின்றது யூசர் பர்மிஷன், அதாவது கம்ப்யூட்டரில் யார் எதைச் செய்யலாம் என்ற உரிமை பற்றிய பகுதி. எந்த உரிமை எதை மீறும் என்று மனப்பாடம் செய்வேன், மறுநாள் மாதிரித் தேர்வில் அதே கேள்வியில் தப்பு விடுவேன். அது புரிந்தது ஒரு ஓட்டலில்.

அப்போது ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகும் ரோட்டில் ஒரு அசைவ ஓட்டலில் மாலை வேலை பார்த்தேன். கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், சமையல்கட்டு ஓரம் ஆர்டர் சீட்டு அடிக்க ஒன்று, மாடி ஆபீஸில் பில் டேட்டா இருக்கும் கம்ப்யூட்டர். மூன்றுக்கும் ஒரே யூசர் பெயர், ஒரே பாஸ்வேர்டு, எல்லாருக்கும் அட்மின் உரிமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கணக்கு முடிக்கும்போது மூன்று பில்கள் கேன்சல் ஆகியிருந்தன. "ஏனுங் தம்பி, இதைக் கேன்சல் பண்ணுனது யாருங்?" என்று முதலாளி கேட்டார். கம்ப்யூட்டரிடம் பதில் இல்லை. சந்தேகம் புதிதாகச் சேர்ந்த சப்ளையர் பையன் மேல் போனது. அவன் செய்யவில்லை என்று காட்டவும் வழியில்லை. அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன். நீங்கள் படிக்கும்போதும் இதையே முதலில் செய்யுங்கள்: விண்டோஸைத் திறக்காமல், ஒரு தாளில் யார் என்ன வேலை செய்கிறார் என்று எழுதுங்கள். சப்ளையர் ஆர்டர் போடுவார். கேஷியர் பில் போடுவார். கேன்சலும் தள்ளுபடியும் மேனேஜருக்கு. இவை பில்லிங் சாஃப்ட்வேருக்குள் இருக்கும் உரிமைகள், விண்டோஸ் ஃபோல்டர் உரிமை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் என் முதல் தடுமாற்றம்.

அப்புறம் ஆளுக்கொரு பெயர் கொடுத்து, வேலைக்கு ஒரு குரூப் உருவாக்கி, உரிமையைக் குரூப்புக்கு மட்டும் கொடுத்தேன். ஆள் மாறினால் குரூப்பில் பெயரை மாற்றினால் போதும். எல்லாரின் பெயரையும் ஒரே இடத்தில் வைக்கும் டொமைன் அங்கே இல்லை, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் பெயர்ப் பட்டியலைத் தானே வைத்திருக்கும் ஒர்க்குரூப் என்பதால், கல்லாவில் இருக்கும் அதே பெயரும் பாஸ்வேர்டும் மாடிக் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும்.

அடுத்து வந்த சிக்கல்தான் எனக்கு மார்க் வாங்கித் தந்தது. டேட்டா ஃபோல்டரில் கேஷியர் குரூப்புக்கு மாடிஃபை (படிக்க, மாற்ற, அழிக்க விடும் உரிமை) கொடுத்திருந்தேன். மாடியில் கேஷியர் பெயரில் உட்கார்ந்து பார்த்தால் ஃபைல் சேமிக்கிறது. கல்லாவிலிருந்து பார்த்தால் படிக்க மட்டும் முடிகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் ஷேர் பர்மிஷனை, அதாவது ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும்போது தனியாகக் கொடுக்கும் உரிமையைப் பார்த்தேன். அங்கே எவ்ரிஒன் (எல்லாரும்) என்பதற்கு ரீட் (படிக்கும் உரிமை) மட்டும் இருந்தது. நெட்வொர்க் வழியாக வருபவர் ஷேர், என்.டி.எஃப்.எஸ் (ஃபோல்டரிலேயே கொடுக்கும் உரிமை) என்ற இரண்டு வாசலையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு ஷேர் வாசலே கிடையாது. ஷேரிலும் கேஷியர் குரூப்புக்குச் சேஞ்ச் (மாற்றும் உரிமை) கொடுத்ததும் கல்லாவில் பில் சேமித்தது.

உரிமையை மறுக்கும் டினை, அனுமதிக்கும் அலோ விஷயத்தில் கவனம் தேவை. "டினை எப்போதும் ஜெயிக்கும்" என்று பலர் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வந்த டினையை, அந்த ஃபோல்டரிலேயே நேரடியாகக் கொடுத்த அலோ மீறிவிடும். நேரடி டினை, நேரடி அலோ, இறங்கி வந்த டினை, இறங்கி வந்த அலோ என்ற வரிசையை மனதில் வையுங்கள், முன்னால் இருப்பதுதான் ஜெயிக்கும்.

இன்னொன்று, ஒருவரைப் புதிதாகக் குரூப்பில் சேர்த்தால் அவர் லாக் ஆஃப் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் உரிமை கிடைக்கும். இது தெரியாமல் சரியாகப் போட்ட உரிமையையே நான் இரண்டு முறை கலைத்தேன்.

பயிற்சிக்கு இரண்டு பழைய லேப்டாப்பும் ஒரு ரூட்டரும் போதும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் யூசர் பெயர்களையும் குரூப்புகளையும் அமைக்கும் லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் திரை வராது, ப்ரோ பதிப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு, இருப்பதிலேயே குறைந்த உரிமை உள்ள சப்ளையர் பெயரில் நுழைந்து பில் ஃபைலை அழித்துப் பாருங்கள். அழிந்தால் தாளை எடுத்து முதலிலிருந்து பாருங்கள்.