ஜான் ஹௌலண்ட் எங்கள் மாமியாருக்கு முன்னோர்தான் என்று நிரூபித்த கதை

என் மாமியார் குடும்பத்தில் எல்லோரும் தாங்கள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹௌலண்டின் வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆதாரம் கேட்டால் மாமியாரின் பாட்டி கையால் எழுதிவைத்த ஒரு பழுப்புத் தாளைக் காட்டுவார்கள். எழுபது வயது தாண்டியதும் மாமியாருக்கு மேஃபிளவர் சந்ததியினர் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவர் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை, கடைசியில் மதுரைக்காரியான என் தலையில் வந்து விழுந்தது.

சங்கத்துக்குப் பாட்டியின் தாள் செல்லாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் சான்று வேண்டும், அதைவிட முக்கியமாக இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று சொல்லும் ஒரு காகிதம் வேண்டும். இந்த இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது. ஒருவர் பிறந்ததும் இறந்ததும் தெரியும், அப்பா யார் என்று மட்டும் எந்தக் காகிதமும் சொல்லாது.

முதலில் ஹௌலண்ட் யார் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஃபென்ஸ்டாண்டன் என்ற ஊர்க்காரர். 1620ல், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவான பிளிமத் குடியேற்றத்தின் முதல் கவர்னரான ஜான் கார்வரின் வேலையாளாகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயலில் தவறி விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார். கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள், 1621ல் கார்வரும் மனைவியும் போய்விட்டார்கள். அப்பா அம்மா இருவரையும் அதே குளிர்காலத்தில் பறிகொடுத்த எலிசபெத் டில்லி என்ற பெண்ணை ஹௌலண்ட் கட்டிக்கொண்டார். பத்துப் பிள்ளைகள், பத்தும் வளர்ந்து ஆளானது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் புஷ் அப்பா மகன் இருவரும் இந்த வம்சம்தான், அதனால் மாமியார் பெருமை பேசுவதில் நியாயம் இருக்கிறது.

பிளிமத்தில் குடியேறிய இவர்களைப் பொதுவாகப் பியூரிட்டன்கள், அதாவது திருச்சபையைத் தூய்மையாக்க நினைத்த கிறிஸ்தவர்கள் என்கிறோம். சரியாகச் சொன்னால் பிளிமத்துக்காரர்கள் இங்கிலாந்துத் திருச்சபை திருந்தாது என்று முடிவுகட்டி அடியோடு பிரிந்துபோன கோஷ்டி. 1630ல் பாஸ்டன் பக்கம் வந்திறங்கிய பெருங்கூட்டம் உள்ளே இருந்துகொண்டே அதைச் சுத்தம் செய்ய நினைத்தவர்கள்.

நான் பயந்தது 1600களை நினைத்து. ஆனால் அங்கேதான் வேலையே இல்லை. சங்கம் வெளியிட்டிருக்கும், வெள்ளி நிற அட்டை போட்ட புத்தகத் தொகுதியில் கப்பல் பயணிகளின் முதல் ஐந்து தலைமுறை முழுக்க ஆதாரத்தோடு இருக்கிறது. ஐந்தாம் தலைமுறையின் பிள்ளைகள் பெயர்கூட இருக்கும். அதுவரை அவர்களே ஒப்புக்கொண்டது, நாம் தோண்ட வேண்டாம். ஆனாலும் எனக்கு மனசு கேட்காமல் மூல ஆவணங்களைத் தேடிப் படித்தேன். 1672ல் ஹௌலண்ட் எழுதிய உயிலில் ஒவ்வொரு மகளுக்கும் இருபது ஷில்லிங் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் வழி மூத்த மகள் டிசையர். உயிலில் அவள் குடும்பப் பெயர் ‘கோரம்’ என்று இருக்கிறது, வேறு இடத்தில் ‘கோர்ஹம்’. எழுத்துக்கூட்டலை நம்பித் தேடினால் பாதிப்பேர் கிடைக்கவே மாட்டார்கள், காதில் விழுகிற மாதிரியெல்லாம் எழுதிப் பார்த்துத் தேட வேண்டும்.

எலிசபெத் விஷயம் இன்னும் சுவாரசியம். அவள் கவர்னர் கார்வரின் மகள் என்றுதான் நெடுங்காலம் குடும்பங்களில் சொல்லிவந்தார்கள், கவர்னர் மகள் என்றால் கௌரவம் அல்லவா. மாமியாருடைய பாட்டியின் தாளிலும் அப்படித்தான் இருந்தது. பிளிமத் கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்ட் கைப்பட எழுதிய வரலாறு பல காலம் காணாமல் போய் 1855ல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. அதன் பின்னால் 1650 வாக்கில் எழுதிய ஒரு பயணிகள் பட்டியல் இருக்கிறது. கார்வரின் வேலையாள் ஜான் ஹௌலண்ட் ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை மணந்தான், பத்துப் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள், மூத்த மகளுக்கு நான்கு பிள்ளைகள் என்று அதில் இருக்கிறது. அந்த மூத்த மகள்தான் எங்கள் டிசையர். கவர்னர் உறவு போனதில் மாமியாருக்கு இரண்டு நாள் வருத்தம்.

டிசையரின் கணவர் கேப்டன் ஜான் கோர்ஹம் செவ்விந்தியர்களோடு நடந்த கிங் பிலிப் போரில் படை நடத்தி, காய்ச்சலில் 1675/6 பிப்ரவரியில் இறந்தார். வருஷத்தை இப்படி இரட்டையாகப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 1752 வரை ஆங்கிலேயர்களுக்கு மார்ச் 25தான் புத்தாண்டு, அதனால் ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்கு இரண்டு ஆண்டையும் போடுவது வழக்கம். விண்ணப்பத்திலும் அப்படியே எழுத வேண்டும். அந்தப் போர்வீரர்களின் வாரிசுகளுக்குப் பிற்காலத்தில் நிலம் கொடுத்தார்கள், மெய்ன் மாநிலத்தில் கோர்ஹம் என்று ஓர் ஊரே இருக்கிறது. யாருடைய நிலம் என்று நான் கேட்டேன், அன்று சாப்பாட்டு மேசையில் யாரும் பதில் சொல்லவில்லை.

எங்களைப் படுத்தியது 1790க்கும் 1850க்கும் நடுவே உள்ள காலம்தான். எங்கள் வழியில் வந்த ஆள் மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் உள்ள பார்ன்ஸ்டபிளிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தார். மாசசூசெட்ஸில் ஊர்க் குமாஸ்தா பிறப்பு இறப்பை எழுதிவைப்பது பழைய பழக்கம். நியூயார்க்கிலோ மாநில அளவில் பதிவு தொடங்கியதே 1880 வாக்கில். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது, 1850க்கு முன் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850ல் எல்லோர் பெயரும் வரும், ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்பது 1880ல்தான் வரும். பார்ன்ஸ்டபிளில் நிலப்பத்திரம் தேடலாம் என்றால் 1827ல் நீதிமன்றக் கட்டடம் எரிந்ததில் பெரும்பாலும் சாம்பல்.

இங்கே வழி திறந்தது ராணுவப் பென்ஷன் கோப்பில். நம்மாள் அமெரிக்கச் சுதந்திரப் போரில் சிப்பாய். அந்தச் சிப்பாய்களின் விதவைகளுக்குப் பென்ஷன் கொடுத்தபோது திருமணத்துக்குச் சான்று கேட்டார்கள், பதிவேடு இல்லாத பெண்கள் குடும்ப பைபிளில் பிறந்தநாள் எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஸ்கேன் செய்த படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நம்மாளின் விதவைக் கிழவி அனுப்பிய பக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக, நமக்கு வேண்டிய பிள்ளையும் தேதியோடு! அந்த இரவு நான் தூங்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு ஓர் உயிலும் வாரிசுகளின் பெயர் வரும் ஒரு பாகப்பிரிவினையும் கைகொடுத்தன.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வெறும் வம்ச மரத்தை வரைந்து முதலில் மாநிலக் கிளையின் வரலாற்றாளருக்கு அனுப்புங்கள், வேறு யாராவது உங்கள் கிளையில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் அந்த இடம்வரை உங்கள் வேலை மிச்சம். அப்புறம், சமீபத்திய தலைமுறைகளுக்குச் சான்றிதழ் கேட்கும்போது பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிரதி என்று அழுத்திக் கேளுங்கள். ஓர் அலுவலகம் எங்களுக்குச் சுருக்கமான பிரதியை அனுப்பிவிட்டு, முழுப் பிரதிக்கு மறுபடியும் பணம் கட்டச் சொன்னது.

மாநிலக் கிளை பார்த்து, பிளிமத்தில் உள்ள தலைமை பார்த்து, ஒருவழியாகச் சான்றிதழ் வந்தது. மாமியார் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். இப்போது, எலிசபெத்தும் அவள் அப்பா டில்லியும் அதே கப்பலில் வந்தவர்கள்தானே, அவர்கள் பெயரிலும் விண்ணப்பிக்கலாமே என்கிறார். போடலாம்தான், அதே காகிதங்கள் போதும், ஆனால் அதற்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம். இந்தமுறை அவர் மகனை உட்காரவைக்கப் போகிறேன்.