நேற்று என்று எழுதினால் ஹாவ் வராது

ஆங்கில லீவுக் கடிதங்களில் அலுக்காமல் வரும் ஒரு வசனம்: 'ஐ ஹாவ் சஃபர்ட் ஃப்ரொம் ஃபீவர் லாஸ்ட் வீக்.' பிழை 'லாஸ்ட் வீக்'கிலும் இல்லை, 'ஹாவ்'விலும் இல்லை. இரண்டும் ஒரே வசனத்தில் இருப்பதுதான் பிழை.

பிள்ளைகளை மட்டும் குறைசொல்ல முடியாது. 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். முற்றத்து மண்ணில் சைக்கிள் தடத்தைக் கண்டுவிட்டும் அப்படித்தான் சொல்வோம். 'ஹாஸ் கம்' அந்த வேலையைச் செய்யாது. வந்தது தெரியுமென்றால் 'ஹீ கேம் யெஸ்டர்டே'. தடத்தை வைத்து ஊகித்தால் 'ஹீ மஸ்ட் ஹாவ் கம் யெஸ்டர்டே'.

மறுபக்கமும் கால் இடறும். 'பேனையைத் துலைச்சிட்டன்' என்பதில் 'இருக்கு' இல்லை. ஆனாலும் பேனை இன்னும் கிடைக்கவில்லை, எழுத வழியில்லை என்றால் 'ஐ ஹாவ் லொஸ்ட் மை பென்' என்பதே பொருத்தம். எங்கே, எப்போது என்று சொல்லத் தொடங்கியதும் 'ஐ லொஸ்ட் இட் ஒன் த பஸ் யெஸ்டர்டே' ஆகிவிடும்.

ஆகவே வினையை எழுதமுன் காலச்சொல்லைத் தேடுங்கள். யெஸ்டர்டே, அகோ, லாஸ்ட் மந்த், 'இன் 1984' போல ஒரு ஆண்டு: எது வந்தாலும் சிம்பிள் பாஸ்ட், அதாவது 'ஹாவ்' இல்லாத வெறும் இறந்தகாலம். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது. அது 'பிகேம்', 'ஹாஸ் பிகம்' அல்ல. 'வென்' என்று கேட்கும் கேள்விக்கும் 'டிட்' தான். 'திஸ் மோர்னிங்' கொஞ்சம் குழப்படி: காலை பத்து மணிக்கு 'ஐ ஹாவ் சீன் ஹிம் திஸ் மோர்னிங்' சரி, பின்னேரம் 'ஐ சோ ஹிம்' என்றுதான் சொல்லவேண்டும்.

'ஃபோர்' வந்தால் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அது இரண்டு காலத்தோடும் ஒத்துப்போகும். 'வீ லிவ்ட் இன் மாங்குளம் ஃபோர் டென் இயர்ஸ்' என்றால் இப்போது அங்கே இல்லை. 'ஹாவ் லிவ்ட்' என்றால் இன்னும் அங்கேதான். இடம்பெயர்ந்து வவுனியாவில் இருப்பவர் விண்ணப்பத்தில் இதை மாற்றி எழுதினால், இலக்கணம் பிழையாகாது, விலாசம் பிழையாகிவிடும். காலமானவர்களுக்கும் 'லிவ்ட்' தான். 'சின்ஸ் 2010' என்று எழுதி இன்றுவரை அங்கேயே இருந்தால் 'ஹாவ் லிவ்ட்'. 'ஆம் லிவிங்' வேண்டாம்.

இன்னொரு சோடி: அப்பா வவுனியாவுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹாஸ் கோன்'. போய் வந்துவிட்டார் என்றால் 'ஹாஸ் பீன்'. 'ஹாஸ் வென்ட்' எந்த வழியிலும் இல்லை.

அமெரிக்கப் படங்களில் 'ஐ ஆல்ரெடி ஏட்' கேட்கும். அங்கே அது வழக்கம். இங்கே பரீட்சைத் தாளில் 'ஐ ஹாவ் ஆல்ரெடி ஈட்டன்' என்றே எழுதுங்கள்.

கட்டுரையில் புள்ளி போவது பெரும்பாலும் இரண்டாவது வசனத்தில். 'தே ஹாவ் ஓப்பன்ட் த கேட்ஸ் அட் இரணைமடு' என்று இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்த புதினத்தைச் சொல்லும் முதல் வசனம் சரியாக வரும். அடுத்ததில் விபரம் தொடங்குகிறது: 'தே ஓப்பன்ட் டூ கேட்ஸ் அட் ஃபைவ் திஸ் மோர்னிங்.' அங்கேயும் 'ஹாவ்'வை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.